என் பல்லில் உடைந்த உன் ஃபைல்

டாக்டரம்மா,

வெள்ளிக்கிழமை என்றால் எங்கள் கேன்டீனில் வெஜிடபிள் பிரியாணி. உனக்குத் தெரிந்த சங்கதிதான். காயைக் கிள்ளியும் பட்டை கிராம்பை அள்ளியும் போடுகிற அதே சமையல்காரர்தான் இன்னும் இருக்கிறார். கொஞ்ச நாளைக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, பேச்சு சுவாரசியத்தில் ஒரு முழுக் கிராம்பை இடது கடைவாயில் வைத்து நறுக்கென்று கடித்துவிட்டேன். வலி மண்டைக்கு ஏறியது. அதைவிட வேகமாக வாசனை ஏறியது. கேன்டீன் தரையை அப்போதுதான் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரால் துடைத்துவிட்டுப் போயிருந்தார்கள். கிராம்பும் பிளீச்சிங்கும் கலந்து, சாயங்காலம் உன் பல் கிளினிக்கிலிருந்து நீ வீட்டுக்குள் நுழையும்போது உன் துப்பட்டாவோடு கூடவே நுழையும் அந்த வாசனை அப்படியே வந்து எதிரில் நின்றது. "என்ன சார், கல்லா?" என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். ஆமாம், கல்தான் என்று சொல்லிவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்ததற்கு அது வசதியான காரணமாக இருந்தது.

எந்தப் பல் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கீழ் வரிசையில் இடது பக்கம், முதல் பெரிய கடைவாய்ப் பல். நீ ரூட் கெனால் செய்த பல். உன் கையில் இருந்த, வேரைச் சுரண்டும் மெல்லிய ஃபைலின் நுனி உடைந்து, வெளியே வர மறுத்து, வேருக்குள்ளேயே குடித்தனம் வைத்துவிட்ட பல். நீ போன பிறகு உன் புடவைகளை உன் தங்கை எடுத்துக்கொண்டு போனாள். கிளினிக்கை உன்னிடம் ஜூனியராக இருந்த நிவேதா எடுத்து நடத்துகிறாள். உன் ஸ்கூட்டரை இப்போது வேறு யாரோ ஓட்டுகிறார்கள், படப்பை கடைத்தெருவில் ஒரு முறை அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டேன். எனக்குள் இருந்த அந்தத் துண்டை மட்டும் யாரும் கேட்கவில்லை. அது என்னோடு எழுந்து, என்னோடு சாப்பிட்டு, என்னோடு கம்பெனி பஸ் ஏறிக்கொண்டிருந்தது. அந்தப் பல் வலித்ததும், அதை எடுக்கச் சொல்லிவிடுவார்களோ என்றுதான் எனக்கு முதலில் பயம் வந்தது.

கல்யாணமான புதிதில், நம் இரண்டு பேருக்கும் ஒரே தொழில்தான் என்று நான் சொன்னேன். நீ முறைத்தாய். எங்கள் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் வண்டிகளுக்குப் போகும் ஸ்பிரிங்குகளை இயந்திரத்தில் மாட்டி, உடையும்வரை அமுக்கி, உடைந்த பிறகு உடைந்த பரப்பை, எங்கள் பாஷையில் உடைந்த முகத்தை, மைக்ராஸ்கோப்பில் வைத்து, ஏன் உடைந்தது என்று எழுதுவது என் பிழைப்பு. "உடைக்கறதுக்கு சம்பளம் குடுக்கற கம்பெனிய இப்பதான் பாக்கறேன்" என்றாய். உனக்கோ எது உடைந்துவிடக் கூடாதோ அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் நாள் முழுக்க வேலை. ஒரகடம் கூட்டு ரோட்டில் மருந்துக்கடைக்கு மேலே மாடியில் உன் கிளினிக். கீழே கன்டெய்னர் லாரி போனால் மேலே தண்ணீர் டம்ளர் அதிரும். ஷிப்ட் விட்டு, யூனிபார்மோடு படியேறி வருகிறவர்கள்தான் உன் நோயாளிகள். லைனில் நின்றபடியே மாத்திரை போட்டுப் போட்டு வலியை அமுக்கி, இனி முடியாது என்று ஆன பிறகுதான் வருவார்கள். அதனால் ரூட் கெனாலுக்கு உனக்குக் குறைவே இருந்ததில்லை.

ஒருநாள் சாப்பாட்டு மேசையில் ஒரு ஃபைலைக் கொண்டுவந்து காட்டினாய். ஊசியைவிட மெலிந்தது, உடம்பெல்லாம் முறுக்கு. மோட்டாரில் மாட்டினால் சுற்றிக்கொண்டே பல்லின் வேருக்குள் இறங்கி, கெட்டுப்போனதைச் சுரண்டி எடுத்துவரும் என்றாய். நிக்கலும் டைட்டானியமும் கலந்தது. நீ அதை விரலால் வில்லாக வளைத்து விட, ஒன்றுமே நடக்காதது போல நிமிர்ந்துகொண்டது. நான் வாயைப் பிளந்தேன். "உங்க ஸ்பிரிங் இப்படி நிமிருமா?" என்றாய். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எழுந்து போய்க் கட்டுக்கம்பியில் ஒரு துண்டு எடுத்துவந்து, இப்படியும் அப்படியும் வளைத்து, அது சூடேறி முறிவதைக் காட்டினேன். வளைந்த வேருக்குள் சுற்றும்போது உன் ஃபைலுக்கும் இதுதான் நடக்கிறது, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பக்கம் இழுபடுகிறது, மறுபக்கம் நசுங்குகிறது, பாதிச் சுற்றில் இரண்டும் இடம் மாறுகின்றன, நிமிர்ந்து நிற்பதால் அது களைக்கவில்லை என்று நினைக்காதே என்று ஒரு வகுப்பே எடுத்தேன். ரசம் ஆறிப்போனது.

"களைச்சிடுச்சுன்னு வெளிய எப்படித் தெரியும்?" என்று கேட்டாய்.

பல நேரம் தெரியாது என்றேன். சில ஃபைல் முறுக்குப் பிரிந்து காட்டும். சிலது கடைசிவரை கடையில் வாங்கியது போலவே இருந்துவிட்டு டக்கென்று போய்விடும். நீ அந்த ஃபைலைத் திரும்ப டப்பாவில் வைத்துவிட்டு, ஆறிய ரசத்தை ஊற்றிக்கொண்டாய்.

அந்த வாரமே கிளினிக்கில் ஒரு வழக்கம் கொண்டுவந்தாய். என் கருவிப் பெட்டியில் இருந்த கம்பி வெட்டியைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போனாய். கடைவாய்ப் பல்லின் வளைந்த வேருக்குள் போய்வந்த ஃபைலை, நோயாளி நாற்காலியை விட்டு எழுவதற்குள் இரண்டாக வெட்டி, ஊசிகள் போடும் வெள்ளை டப்பாவில் போட்டுவிடுவாய். செல்வி அக்காவுக்கு மனசே ஆறாது. வடக்குப்பட்டிலிருந்து வந்து, கருவி கழுவுவது முதல் அழும் பிள்ளைகளைச் சமாளிப்பது வரை உன் கிளினிக்கில் எல்லாமுமாக இருந்தவர் அவர்தானே.

"இன்னா மேடம் இது, புச்சு கணக்கா கீது. இன்னும் நாலு பேருக்கு ஆவும்" என்பார்.

"முழுசா இருந்தா எனக்கே ஆசை வந்துடும்க்கா. அதான் வெட்டிடறேன்" என்பாய்.

அப்படிப்பட்ட நீதான் எனக்கு மட்டும் பழைய ஃபைலை மாட்டினாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அது. நல்லி எலும்பைக் கடித்துப் பல்லில் விரிசல் விட்டுக்கொண்டு நான் வீட்டையே படுத்திக்கொண்டிருந்தேன். வீட்டு ஆளுக்கு வைத்தியம் பார்க்கக்கூடாது, தாம்பரத்தில் உன் சீனியரிடம் போகலாம் என்று நீ சொல்லிப் பார்த்தாய். சொந்தமாக ஒரு டாக்டரை வைத்துக்கொண்டு வெளியில் போவானேன் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். செல்வி அக்காவுக்கு லீவு. கூட்டு ரோட்டில் லாரிகூட அதிகம் இல்லை. நீ புது பாக்கெட்டைப் பிரிக்கப் போனபோது, தட்டில் ஒரு ஃபைல் கிடந்தது. வெள்ளிக்கிழமை யாருக்கோ போட்டது, அவசரத்தில் வெட்ட மறந்து, மற்றவையோடு சேர்ந்து ஸ்டெரிலைஸ் ஆகி வந்திருந்தது.

"எனக்கு எதுக்குப் புதுசு? இதையே போடு" என்றேன்.

விருந்தாளிக்குப் புது டவலும் நமக்கு ஓரம் பிரிந்த டவலும் எடுக்கிற வீடுதானே நம்முடையது. நீயும் சிரித்துவிட்டாய். ஃபைலை விளக்கடியில் பிடித்து, லென்ஸ் வைத்துப் பார்த்து, முறுக்கெல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று மாட்டினாய். வேறு யாருக்கும் நீ அப்படிச் செய்ததில்லை. சொந்தக்காரனாக இருந்ததில் எனக்குக் கிடைத்த சலுகை அது.

மரத்துப்போக ஊசி போட்டாய். பல்லைச் சுற்றி ரப்பர் ஷீட்டை மாட்டினாய். எனக்குத் தெரிந்ததெல்லாம் மாஸ்க்குக்கு மேலே உன் இரண்டு கண்கள், அதற்கு மேலே விளக்கு. அந்த வெளிச்சத்தில் எனக்குக் கண் கூசியது, அதனால் முக்கால்வாசி நேரம் மூடியேதான் இருந்தேன். மோட்டார் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று ஒரு கணம் திக்கியது, உடனே சத்தம் லேசாகிவிட்டது. நான் கண்ணைத் திறந்தபோது, நீ கையை வெளியே எடுத்து ஃபைலை வெளிச்சத்தில் பிடித்திருந்தாய். நுனி இல்லை. உன் கண்கள் போன போக்கை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. என்ன ஆச்சு என்று நான் கேட்டது, வாய் நிறைய ரப்பரோடு வெறும் சத்தமாக வந்தது. "உடைஞ்சிடுச்சுங்க" என்று சொல்லிவிட்டு நீ அழ ஆரம்பித்தாய். நாற்காலியில் படுத்தபடியே கையை நீட்டி உன் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

அப்போதே எடுக்கப் பார்த்தாய், வரவில்லை. இதற்கு மேல் தோண்டினால் வேர் பலவீனமாகிவிடும், உள்ளே சுத்தமாகிவிட்டது, இப்படியே மூடிவிட்டு அவ்வப்போது எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தாய். பல்லும் சமர்த்தாக இருந்தது. நாம்தான் சமர்த்தாக இல்லை. அன்று சாயங்காலம் தொடங்கிய வழக்கு கடைசிவரை முடியவே இல்லை.

ஏன் உடைந்தது என்பதுதான் வழக்கு. என் கட்சி, பழைய ஃபைல் என்பது. வெள்ளிக்கிழமையே அது களைத்துப்போய்விட்டது, ஞாயிற்றுக்கிழமை யார் கையில் இருந்தாலும் போயிருக்கும். உன் கட்சி வேறு.

"அது சிக்கினது எனக்குக் கையில தெரிஞ்சுது. அப்பவே நிறுத்தியிருக்கணும். உங்களப் பாத்துட்டேன்" என்றாய்.

ஃபைல் உள்ளே சுற்றும்போது நோயாளியின் கண்ணைப் பார்க்கவே மாட்டாயாம். பல்லைத் தவிர வேறு எதுவும் உனக்குத் தெரியாதாம். அன்றைக்கு என் கண்ணோரம் தண்ணீர் கோத்து நின்றதாம். வலிக்கிறதோ என்று ஒரு நொடி என் கண்ணைப் பார்த்தாயாம். அந்த ஒரு நொடியில் கை தன்னால் அமுக்கிவிட, நுனி சிக்கி நின்று, மோட்டார் மட்டும் சுற்றி, முறுக்கி அறுத்துவிட்டதாம்.

நான் நம்பவில்லை. "சினிமா வசனமெல்லாம் பேசாதே டாக்டரம்மா. பழைய கம்பிய மாட்டிட்டு சமாளிக்கறே" என்று சிரித்தேன். உன் மேல் பழி விழக்கூடாது என்ற அக்கறை பாதி, என் தொழிலில் நீ தீர்ப்புச் சொல்வதா என்ற வீம்பு பாதி. மீதித் துண்டைக் கொடு, எங்கள் லேபில் வைத்துப் பார்த்துச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அதை நீ டப்பாவில் போட்டுவிட்டாய், மருத்துவக் கழிவு வண்டியும் வந்து கொண்டுபோயிருந்தது. மிச்சம் இருந்த ஒரே சாட்சி என் பல்லுக்குள் இருந்தது. "உங்க வாயிலதான இருக்கு? எப்ப வேணா எடுத்துப் பாத்துக்குங்க" என்பாய். வாலாஜாபாத்துக்கு உன் அம்மா வீட்டுக்குப் போகும்போது காரில் அந்த வழக்கு நடக்கும். மணிமங்கலத்தில் எங்கள் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கும்போது அடுப்படியில் நடக்கும். தட்டில் நீ முறுக்கு வைத்தால் போதும், இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிடுவோம். வாய்தா மேல் வாய்தா வாங்கிக்கொண்டு, நம் வீட்டில் ஒரு ஆள் போலவே அந்த வழக்கு வாழ்ந்தது.

என் பல்லை நீ சும்மாவும் வைத்திருக்கவில்லை. ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் குமாருக்கு வைத்தியம் பார்த்தபோது, புது ஃபைலே உடைந்தது. அன்றைக்கு நான் பின்பக்க பால்கனியில் உன் கம்ப்ரஸரை ரிப்பேர் செய்துகொண்டிருந்தேன். "வேர் நுனியிலதான் மேடம் இருக்கு, தொந்தரவு வராது. சொல்லித்தான் ஆகணுமா?" என்று நிவேதா தாழ்ந்த குரலில் கேட்டது காதில் விழுந்தது. "அவரு பல்லு நிவேதா. அதுக்குள்ள என்ன இருக்குன்னு அவருக்குத் தெரிய வேணாமா?" என்றாய். குமாரை நிமிர்த்தி உட்கார வைத்து, எக்ஸ்ரே திரையில் வேருக்குள் வெள்ளையாகத் தெரிந்த கோட்டைக் காட்டினாய்.

"இன்னா மேடம் சொல்றீங்க? உள்ள கம்பி கீதா?"

"கீதுப்பா. துளியூண்டு. அது பாட்டுக்கு இருக்கும். எப்பவாவது வலிச்சா நேரா என்கிட்ட வரணும்."

குமார் திரையை உற்றுப் பார்த்தார். பிறகு கேட்டார், "அதில்ல மேடம். ஷிப்ட் முடிஞ்சு வெளிய வரச்சொல்ல கேட்டாண்ட மெஷின் வெச்சு உடம்பெல்லாம் தடவுவானுங்கோ. இது கத்திச்சுன்னா? பார்ட்ஸ் எடுத்துகினு போறேன்னு என்னை ஓரங்கட்டிடுவானுங்களே."

உனக்குச் சிரிப்பு வரவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயம் எப்படிப்பட்டது என்று அந்தக் கூட்டு ரோட்டில் உட்கார்ந்திருந்த உனக்குத் தெரியும். பால்கனிப் பக்கம் திரும்பி என்னைக் கூப்பிட்டாய். கையெல்லாம் எண்ணெயோடு வந்து நின்றேன். "இவரு என் வீட்டுக்காரர். இவரு பல்லுலயும் ஒண்ணு உடைச்சு வெச்சிருக்கேன். தினம் இவரும் கம்பெனி கேட்டத் தாண்டித்தான் வராரு. கேட்டுக்கோ" என்றாய். எங்கள் கேட்டிலும் அந்த மெஷின் உண்டு, ஒரு நாளும் கத்தியதில்லை என்றேன். குமார் என் வாயை ஒரு தரம், உன் முகத்தை ஒரு தரம் பார்த்தார். "சொந்த வூட்லயே ஒடச்சிட்டீங்களா மேடம்? அப்ப சரி, வுடுங்க" என்று திரும்பப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் வீட்டில் யாருக்குப் பல் வலித்தாலும் உன்னிடம்தான் வந்தார்கள்.

நீ போனது ஒரு வேலை நாள் காலையில். நான் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். "தலை ரொம்ப வலிக்குதுங்க" என்று சொல்லிக்கொண்டே சோபாவில் உட்கார்ந்தாய். அவ்வளவுதான். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். முன்னாலேயே ஏதாவது அறிகுறி இருந்ததா என்று அங்கிருந்த டாக்டர் கேட்டார். உடைந்த பொருளைப் பார்த்து, ஆரம்பம் எங்கே என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். நானும் யோசித்துப் பார்த்தேன். முந்தின நாள் கிளினிக் போனாய், வரும்போது முருங்கைக்கீரை வாங்கி வந்தாய், படுக்குமுன் கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுத்தாய். அது நீ எப்போதும் செய்வதுதான். நாள் முழுக்கக் குனிந்து நிற்கிற எல்லாப் பல் டாக்டரும் செய்வதுதான். ஒன்றும் இல்லை டாக்டர் என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

கிராம்பைக் கடித்த பிறகு வலது பக்கமாகவே மெல்லப் பழகிக்கொண்டேன். ராத்திரி விண்விண்ணென்று தெறிக்கும், உப்புத் தண்ணீர் கொப்பளித்துவிட்டுப் படுப்பேன். யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் கம்ப்ரஸர் இன்னும் என் பொறுப்பில்தான் இருக்கிறது. அது மறுபடி மக்கர் செய்ய, சனிக்கிழமை கிளினிக்குக்குப் போனேன். வேலை முடிந்ததும் செல்வி அக்கா டீயும் வடையும் கொடுத்துவிட்டு, எதிரில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னா சார், ஒரு பக்கமாவே மென்னுகினு கீறீங்க?"

"ஒண்ணுமில்லக்கா."

"மேடம் கையில இத்தினி வருசம் வேலை பாத்தவ நானு. எனக்குத் தெரியாதா? எந்தப் பல்லுன்னு சொல்லட்டா?"

நான் டீயைக் கையில் எடுத்துக்கொண்டேன். அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. உள்ளே போய் நிவேதாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஐந்து நிமிடத்தில் நான் நாற்காலியில் இருந்தேன், என் பல் திரையில் இருந்தது. வேருக்குள் அந்த வெள்ளைக் கோடு, நீ வைத்த இடத்திலேயே. அதற்குக் கீழே எலும்பில் கறுப்பாக ஒரு நிழல்.

"இன்ஃபெக்ஷன் வந்திருக்கு சார்" என்றாள் நிவேதா. "பழைய ஃபில்லிங்கப் பிரிச்சு, அந்தத் துண்ட எடுத்துட்டு, திரும்ப சுத்தம் பண்ணலாம். இப்ப என்கிட்ட மைக்ராஸ்கோப் இருக்கு, எடுத்துடலாம்னு நினைக்கிறேன். முடியலைன்னா பல்லையே எடுக்க வேண்டியதுதான்."

"அப்படியே விட்டுட்டா?"

"விட்டா எலும்பு அரிச்சுக்கிட்டே போகும் சார். ஏன் கேக்கறீங்க?"

என்ன சொல்வது? அந்தக் கம்பி என் மனைவி என்றா சொல்ல முடியும்? யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்துகொண்டேன். நிவேதா திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன். "மேடம் இருந்திருந்தா உங்களத் திட்டியிருப்பாங்க சார்" என்று மட்டும் சொன்னாள்.

வாஸ்தவம். திட்டியிருப்பாய். "யோவ், உனக்குப் பல்லு வேணுமா கம்பி வேணுமா?" என்று கேட்டிருப்பாய். கோபம் வந்தால் மட்டும் எனக்குக் கிடைக்கும் அந்த 'யோவ்' காதில் விழுந்தது போலவே இருந்தது. அதைக் கேட்பதற்காகவே சில நாள் தள்ளிப்போட்டேன் என்று வைத்துக்கொள். பிறகு போய் வாயைத் திறந்தேன்.

நெடுநேரம் ஆனது. மெல்லிய கருவி ஒன்றை அதிரவிட்டு, துண்டைச் சுற்றித் துளித்துளியாக இடம் பண்ணினாள். தண்ணீர் அடித்தாள், உறிஞ்சினாள், மறுபடி அதிரவிட்டாள். இந்த முறை நான் கண்ணைத் திறந்தே வைத்திருந்தேன். என் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போய்க்கொண்டிருந்தது. நிவேதா ஒரு முறைகூட என் முகத்தைப் பார்க்கவில்லை. லென்ஸில் வைத்த கண்ணை எடுக்கவே இல்லை. நீ அவளை நன்றாகத்தான் பழக்கியிருக்கிறாய். கடைசியில் ஒரு தண்ணீர்ப் பீச்சலோடு அது மிதந்து வந்தது. இடுக்கியால் எடுத்து வெள்ளைத் துணியில் வைத்தாள். செல்வி அக்கா குனிந்து பார்த்து, "இத்தினூண்டா சார்!" என்றார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியில் போட்டுக் கொடுத்தார்கள். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பல் மருந்தோடு மூடியிருந்தது. நாக்கு அந்த இடத்தைத் தேடித் தேடிப் போனது. இத்தனை வருஷமும் அதை நாக்கால் தொட முடிந்ததில்லை, இருந்தாலும் தேடியது.

புட்டி நம் அலமாரியில் இருந்தது. அதை லேபுக்குக் கொண்டுபோனால் வழக்கு முடிந்துவிடும். ஆனால் எனக்குக் கை வரவில்லை. துண்டின் உடைந்த முகத்தில் களைப்பின் அடையாளம் இருந்தால் நான் ஜெயித்துவிடுவேன். ஜெயித்தால், நீ என்னைப் பார்த்தாய் என்பது பொய்யாகிவிடும். இத்தனை காலம் அதைப் பொய் என்று நானே சொல்லிச் சிரித்தவன்தான். இப்போது பொய்யாகிவிடக் கூடாதே என்று கிடந்து தவித்தேன். பார்க்காமலே விட்டுவிட்டால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம் என்று வாழ்ந்துவிடலாம். தினமும் காலையில் புட்டியைப் பார்ப்பேன், பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை எடுத்துக்கொண்டு போனேன். தெரியாமல் இருப்பதும் ஒரு வலிதான், அதை வலது பக்கமாக மென்று ஏமாற்ற முடியவில்லை.

எல்லாரும் பிரியாணிக்குப் போயிருந்த நேரம். துண்டைச் சுத்தம் செய்து, உடைந்த முகம் மேலே பார்க்கும்படி எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். திரையில் மெதுவாக அது பெரிதாகி வந்தது. முதலில் விளிம்பைப் பார்த்தேன். களைத்து உடைந்த உலோகத்தில், விளிம்பில் ஏதோ ஓர் இடத்தில் விரிசல் பிறந்திருக்கும். அங்கிருந்து மெல்லிய கோடுகள் வரிவரியாக உள்ளே நகர்ந்திருக்கும். ஒரு பக்கம் நிவேதாவின் கருவி கீறியிருந்தது, மீதி நன்றாகவே இருந்தது. ஒரு சுற்று வந்தேன். இன்னொரு சுற்று வந்தேன். கோடுகள் இல்லை. விரிசல் பிறந்த இடம் என்று எதுவும் இல்லை. நடுவுக்கு நகர்த்தினேன். வட்டவட்டமாகச் சிராய்ப்பு. அதன் மையத்தில் சின்னச் சின்னக் குழிகள். நுனி சிக்கி நின்று, மேல்பாகம் மட்டும் சுற்றி, முறுக்கி அறுந்தால் விழுகிற அடையாளம். லேபுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நானே சொல்லிக்கொடுக்கும் அடையாளம்.

பழைய ஃபைல் மேல் குற்றமில்லை. வெள்ளிக்கிழமைக் களைப்பு என்று நான் கட்டிய கதை அவ்வளவும் போச்சு. நீ சொன்னபடியேதான் நடந்திருக்கிறது. சிக்கியிருக்கிறது, உன் கை அமுக்கியிருக்கிறது. கை ஏன் அமுக்கியது என்று உலோகம் சொல்லாது. அதை நீதான் சொன்னாய், வருஷக்கணக்காகச் சொன்னாய், கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தவன் சிரித்துக்கொண்டே இருந்தான்.

சாப்பிட்டுவிட்டு வந்த சக ஊழியர் திரையைப் பார்த்து, "என்ன பார்ட் சார் இது? ஆபரேட்டர் மிஸ்டேக் மாதிரி இருக்கே" என்றார். ஆமாம் என்றேன். என் வேலையில், தவறு ஆளுடையது என்று தெரிந்து இவ்வளவு சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை.

டாக்டரம்மா, வழக்கு முடிந்தது. நீ ஜெயித்துவிட்டாய். இதை வீட்டுக்கு வந்து உன்னிடம் சொல்ல வேண்டும், நீ கரண்டியோடு திரும்பி "நான் அப்பவே சொல்லல?" என்று கேட்க வேண்டும், அதற்கு நான் ஏதாவது நொண்டிச்சாக்குச் சொல்ல வேண்டும். தோற்றுப்போனதைச் சொல்லக்கூட ஆள் இல்லாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். பல் இப்போது வலிப்பதில்லை. இரண்டு பக்கமும் மென்று சாப்பிடுகிறேன். உன் துண்டு இல்லாத இந்த வாய் கொஞ்ச நாள் அந்நியமாக இருந்தது, அதுவும் பழகிவிட்டது. என்னிடம் மிச்சம் இருப்பது அந்த ஒரு நொடிதான். பார்க்கக்கூடாது என்று உனக்குத் தெரியும். கையில் ஃபைல் சுற்றிக்கொண்டிருந்தது. இருந்தும் எனக்கு வலிக்கிறதோ என்று நீ நிமிர்ந்து பார்த்திருக்கிறாய், நான் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தேன்.